செபஸ்தியம்மா விழுங்கிய ஒரு பிடி

பேச்சை நீட்டாதீங்கன்னு விழாக் கமிட்டியில முன்கூட்டியே எனக்குச் சொல்லியாச்சு. போன வருஷமும் சொன்னாங்க, நானும் கேக்கல. ஒரு குட்டிச் சங்கதி இருக்கு... அதை இறக்கி வைக்காம இந்த மைக்கை நான் யார் கையிலயும் குடுக்கறதா இல்ல.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரு. அங்க செபஸ்தியம்மான்னு ஒருத்தி. என்ன வேலை? மீன் ஏலம் விடுற வேலை. விடியக்காலையில படகு கரையேறும். மீனை வகை பிரிச்சு மணல்ல கூறு கூறா போடுவாங்க. இவ நடுவுல நின்னு விலை கூவுவா. அந்தக் குரல் இருக்கே... கோயில் ஒலிபெருக்கி கெட்டுப்போனா பங்குச்சாமியே இவளைத்தான் தேடுவாருன்னு ஊருக்குள்ள கிண்டல். புருசன் போன பிறகு அவ போராடிப் பிடிச்ச இடம் அது. அதை விட்டா அவளுக்கு வேற பிழைப்பு கிடையாது.

அவளுக்குத் தைராய்டு கம்மி. கழுத்துல இருக்கிற சின்னச் சுரப்பி, சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சரியா சுரக்கல. அதுக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. காலையில வெறும் வயித்துல போடணும். போட்டா. வருஷக்கணக்கா ஒரு குறையும் இல்ல.

அப்புறம் என்ன ஆச்சு? குரல் கரகரத்துது. நடை மந்தமாச்சு. எந்நேரமும் தூக்கம். சித்திரை வெயில்ல கடற்கரையே பனியனோட நிக்குது... இவ மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறா. ஒரு நாள் அருமையான சீலா மீனு. ஏலத்தை ஆரம்பிச்சவ, பாதி விலையில ஒரு கொட்டாவி விட்டா. விக்கிறவளே கொட்டாவி விட்டா, வாங்குறவன் விலையை ஏத்துவானா? நீங்க ஏத்துவீங்களா?

கிரகோரின்னு ஒருத்தன். அந்த இடத்து மேல ரொம்ப நாளா அவனுக்கு ஒரு கண்ணு. அன்னையிலேருந்து தொண்டையைச் செருமிக்கிட்டே கரையில உலாத்தினான். படகுக்காரங்க கூடிப் பேசிட்டாங்க. மாதா திருவிழா வரைக்கும் பாப்போம், அதுக்குள்ள குரல் திரும்பலன்னா ஏலம் கிரகோரிக்குன்னு முடிவு.

ஊரு சும்மா இருக்குமா? கண்ணேறுன்னான் ஒருத்தன். மருமக ஜெனோவா மஸ்கட்லேருந்து வந்துட்டுப் போன பிறகுதான் இப்படி ஆச்சுன்னு இன்னொருத்தி இழுத்தா. செபஸ்தியம்மா இதையெல்லாம் காதுல போட்டுக்கல. டாக்டர்கிட்ட போனா. ரத்தத்தைச் சோதிச்சா ஹார்மோன் அடிமட்டத்துல கெடக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களான்னு டாக்டர் கேட்டாங்க. ஒரு நாள் தவறலன்னா இவ. சரின்னு அளவை ஏத்தினாங்க. திரும்பவும் சோதனை... அதே கெதி. மறுபடியும் ஏத்தினாங்க. அப்பவும் ஏறல.

டாக்டருக்கு இப்ப சந்தேகம், இந்தம்மா பொய் சொல்லுதுன்னு. இவளுக்குக் கோவம். மாதா மேல ஆணை வச்சா. டாக்டர் சின்னப் பொண்ணுதான், ஆனா கெட்டி. சண்டை போடல. "சரிம்மா, வீட்டுல எப்படிப் போடுவீங்களோ, அதே மாதிரி எனக்குச் செஞ்சு காட்டுங்க" அப்படின்னாங்க.

செபஸ்தியம்மா இடுப்புலேருந்து சுருக்குப்பையை அவுத்தா. ஒரு சின்ன மாத்திரை எடுத்து உள்ளங்கையில வச்சா. பக்கத்துல வெள்ளையா, கட்டை விரல் தண்டிக்கு இன்னொன்னு. ரெண்டையும் ஒரே பிடியாப் பிடிச்சு வாய்கிட்ட கொண்டு போனா...

"நில்லுங்க. அந்தப் பெருசு என்ன?"

"இதா? இது சத்து தாயி. முட்டுவலிக்கு எம் மருமக வாங்கித் தந்தது. கால்சியமாம்."

"இதை ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?"

"நீங்க மருந்தைத்தானே கேட்டிய? சத்தை எங்க கேட்டிய?"

டாக்டர் நெத்தியில கையை வச்சுக்கிட்டாங்க. அப்புறம் பொறுமையா விளக்கினாங்க. கால்சியம் என்ன பண்ணும்? கூடப் போற தைராய்டு மாத்திரையை வயித்துக்குள்ளயே கட்டிப் பிடிச்சுக்கும், ரத்தத்துக்குள்ள போக விடாது. இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். இவளோ காலையில ஏலத்துக்கு ஓடுற அவசரத்துல ரெண்டையும் ஒண்ணாத் தள்ளியிருக்கா. மருந்தைக் கூட்டக் கூட்ட, சத்து அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

"ஏம்மா, சீலாவையும் சாளையையும் ஒரே கூறுல போட்டு ஏலம் விடுவீங்களா?"

செபஸ்தியம்மாவுக்கு ரோசம் வந்துட்டு. "எனக்கு என்ன கிறுக்கா? சீலா விலையும்லா போயிரும்."

சொல்லிட்டு... தன் உள்ளங்கையைத் தானே குனிஞ்சு பாத்தா.

அவ்வளவுதான். சத்து மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்னு மாறிச்சு. ஏத்தின மருந்தை டாக்டர் சோதிச்சுச் சோதிச்சு இறக்கினாங்க. சில வாரத்துல ஸ்வெட்டர் பெட்டிக்குள்ள போச்சு. திருவிழாக் கொடி ஏறுன அன்னைக்கு, கிரகோரி முன்வரிசையில வந்து நிக்கிறான். இவ மணல்ல கால் ஊனி நின்னு ஒரு கூவு கூவினா பாருங்க... அவன் ரெண்டு எட்டு பின்னால போயிட்டான். "கிரகோரி தம்பி, தொண்டை கட்டியிருந்தா சொல்லு, சத்து மாத்திரை இருக்கு. ஆனா டாக்டரைக் கேட்டுட்டுப் போடு"ன்னா. கரையே சிரிச்சுது. ஏலம் அவகிட்டயே நின்னுது.

இப்ப உங்களைக் கேக்கறேன். சிரிச்சீங்கல்ல? உங்க பையில என்ன இருக்கு? பேரன் குடுத்தது, பக்கத்து வீட்டம்மா சிபாரிசு பண்ணினது, போன்ல பாத்து வரவழைச்சது... டாக்டர் என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டா அதையெல்லாம் சொல்றீங்களா? சொல்றதில்ல. ஏன்? அது மருந்தில்ல, சத்து. சத்துன்னு பேரு வச்சுட்டா அது தப்பே பண்ணாதுன்னு நம்ம நினைப்பு.

நான் காலேஜ் வாசலை மிதிச்சவன் இல்ல. நூலகத்துல உக்காந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன். நான் சொன்னா என் வீட்டுலயே எடுபடறதில்ல. எடுபடாட்டிப் போகட்டும், சொல்றதை நிறுத்தமாட்டேன். கால்சியம் கெட்டதில்ல. தைராய்டு மாத்திரையும் கெட்டதில்ல. மருமகளும் கெட்டவ இல்ல. வாயைத் திறந்து எல்லாத்தையும் சொல்லாததுதான் கெட்டது. தொண்டைக்கு மேல இருக்கிறவரைக்கும்தான் இது மருந்து, இது சத்துன்னு நாம பிரிச்சுப் பேசலாம்... தொண்டையைத் தாண்டிட்டா, நாம வச்ச பேரு வயித்துக்குத் தெரியாது.