ரைட் சொல்லாத கண்டக்டர்

மாமா: விசில் குடுக்கறதா உத்தேசம் இருக்கா, கண்டக்டர்?

நான்: சோபாவுக்கு எதுக்கு மாமா விசில்?

மாமா: யாருய்யா மாமா? வண்டியில சொந்தம் கொண்டாடாத.

நான்: சரி... டிரைவர் சார். எந்திரிங்க. சட்டைய மாத்திட்டுக் கீழ போகலாம். வேன் வந்து நிக்குது.

மாமா: பஸ் டிரைவர வேன்ல ஏத்துவியா? மானம் போயிடும்.

நான்: பகல் மட்டும் பாத்துக்கற காப்பகம்தான். மறதி வந்தவங்க நிறைய பேர் அங்க இருக்காங்க. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுவாங்க.

மாமா: எல்லாரும் டிரைவரா?

நான்: டிரைவர், வாத்தியார், வக்கீல்... எல்லாரும்தான்.

மாமா: அப்ப வேலைய யார் பாக்கறது?

நான்: அதத்தான் எங்க ஆபீஸ்லயும் கேக்கறாங்க.

மாமா: ஏனாம்?

நான்: பாதி நாற்காலி காலி. ஒருத்தி அம்மாவப் பாத்துக்க வேலைய விட்டா. ஒருத்தர் பொண்டாட்டிக்காக. நான் லீவு மேல லீவு... இன்னைக்கும் போகலைன்னா வேற ஆள் எடுத்துக்குவாங்க.

மாமா: அவங்கல்லாம் இப்ப எங்க?

நான்: அவங்கவங்க வீட்ல. இப்படி ஏதாவது வண்டியில உக்காந்திருப்பாங்க.

மாமா: ஊரே வண்டியில... வெளிய பாரு, பஞ்சு பஞ்சா மேகம்.

நான்: அது ஜன்னல் திரை.

மாமா: மேகம்தான். மழை வரும். எம்பொண்ணு ஏறிட்டாளா?

நான்: மொதல்ல இந்தக் கைய சட்டைக்குள்ள விடுங்க.

மாமா: உன்னத்தான்யா. பின் சீட்டப் பாத்துச் சொல்லு.

நான்: அடுத்த ஸ்டாப்ல ஏறுவா.

மாமா: போன ஸ்டாப்லயும் இதத்தான் சொன்ன.

நான்: வேலை முடிய வேணாமா...

மாமா: நனைஞ்சுடுவாளே.

நான்: மஞ்சக் குடை வச்சிருக்கா.

மாமா: கம்பி ஒடஞ்சதா?

நான்: அதேதான். ஒரு பக்கம் தொங்கும். அந்தப் பக்கம் என்னைய நிக்க வச்சுடுவா.

மாமா: சிரிக்கறியா?

நான்: இல்ல.

மாமா: எவனோ ஹாரன் அடிக்கறான்.

நான்: வேன்காரர். அடிக்கட்டும்... கொஞ்ச நேரத்துல போயிடுவார்.

மாமா: நேத்தும் போயிட்டாரே.

நான்: நேத்து... ஞாபகம் இருக்கா?

மாமா: சில நாள் இருக்கும். சில நாள் இருக்காது.

நான்: நீங்கதான வர மாட்டேன்னீங்க?

மாமா: நான் எங்க சொன்னேன்? கண்டக்டர் ரைட் சொல்லாம எந்த டிரைவர் வண்டிய எடுப்பான்?

நான்: அவ ஏறட்டும்னுதான்...

மாமா: டிரைவர் தலைக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கு. பின்னால யார் எறங்கினாலும் தெரியும். அவ ஆஸ்பத்திரி ஸ்டாப்லயே எறங்கிட்டா, இனி ஏற மாட்டா. நானும் மறந்துடுவேன்தான்... ஆனா ‘அடுத்த ஸ்டாப்’னு சொல்றப்ப உங்க மொகத்துல ஒரு வெளிச்சம் வரும். அதுக்காகவே ஞாபகம் இருக்கற நாள்லயும் கேட்டேன். போதும்... சட்டைய எடுங்க. ரைட் சொல்லுங்க, மாப்பிள்ளை.