இரண்டாவது குழாய்

ஒரு அறைக்குள் நுழைந்ததுமே காற்று எந்தப் பக்கம் வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும், சார். இந்த அறையில் உங்கள் ஃபேன் சும்மாதான் சுற்றுகிறது. அந்த மேல் ஜன்னலைத் திறந்தால் பாதி வெக்கை குறைந்துவிடும். தொழில் பழக்கம். இருபத்தாறு வருஷமாகப் பெரிய கட்டடங்களுக்கு ஏசி காற்று போகிற தகரக் குழாய்களைச் செய்து மாட்டுகிறேன். என் வேலையில் ஒழுகல் என்று ஒரு புகார் வந்ததில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் தங்கைக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்று. அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டது, அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் படித்து முடித்து மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்ததும் நான்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி டீ குடிக்க வந்தவர், இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை ஆகிவிட்டார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் வீட்டு மாடியிலேயே குடியிருக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன மச்சான், லிஃப்ட்காரனுக்கு மாடி ஏறச் சொல்லியா குடுக்கணும்?" என்றார்.

முதல் வருஷம் நன்றாகவே போனது. பிறகு சில விஷயங்கள் என் கண்ணில் பட ஆரம்பித்தன.

என் தங்கை மாடி அறையை உள்ளிருந்து தாழ்போட ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் எந்தக் கதவையும் தாழ்போட்டதில்லை. நான் எப்போது வேண்டுமானாலும் போவேன், வருவேன். இரண்டு பேரும் மேலே சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் படியில் கால் வைத்ததும் சத்தம் நின்றுவிடும். ஒருநாள் அவள் மணிக்கட்டில் ரத்தம் கட்டியிருந்தது. கடை ஷட்டரில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அந்த ஷட்டரின் கைப்பிடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்தேன். இடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிற உயரம்தான். அதனால் அவர் அடிக்கவில்லை என்று ஆகிவிடாது.

அவரிடம் ஒரு கார் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிறிய சிவப்பு டர்போ கார். அதன்மேல் அவருக்கு உயிர். வண்டியின் மூச்சு பத்தவில்லை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு சின்ன விசிறி, சார். உள்ளே போகிற காற்று எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு வேகம். கம்பெனி வைத்த குழாய், இன்ஜின் சூட்டிலேயே வெந்த காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"மச்சான், நீங்க மனசு வெச்சா இதுக்கு ஒரு குழாய் பண்ணலாம்" என்றார்.

என் தங்கை மாடிப்படியில் நின்றுகொண்டு, "குளிர்ந்த காத்தா? காருக்குச் சளி பிடிச்சா நான் மாத்திரை தர மாட்டேன்" என்றாள். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், கார் சில நாட்கள் என் கையில் இருக்கும் என்பதுதான்.

முதல் குழாயை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். மூன்று அங்குல அலுமினியக் குழாய். வளைவு வரும் இடங்களில் ரப்பர் இணைப்பு. ஃபில்டரைச் சுற்றி இன்ஜின் சூடு அண்டாதபடி தகரத்தில் ஒரு பெட்டி. காற்றை இழுக்கிற வாயை மேலே, ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைத்தேன். அங்கேதான் வைக்க வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை குழந்தை மாதிரி குதித்தார். "வண்டி மூச்சு விடுறது எனக்கே கேக்குது மச்சான்" என்றார்.

அந்த மூன்று வாரமும் கார் ஓடிய கிலோமீட்டரைக் குறித்து வைத்தேன். சனிக்கிழமைதோறும் நூற்றிருபது கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது. போக அறுபது, வர அறுபது. சனிக்கிழமை என் தங்கைக்கு மதியத்தோடு வேலை முடியும். சினேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாள். ஆக, அவள் இல்லாத நேரம் பார்த்து அவர் யாரையோ பார்க்கப் போகிறார் என்று முடிவுக்கு வந்தேன். யாராக இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

டாஷ்போர்டு பெட்டி பூட்டியிருந்தது. எனக்குப் பூட்டு ஒரு பொருட்டில்லை. உள்ளே ஒரு புதுச் சாவியும், மடித்த ஒரு காகிதமும் இருந்தன. காகிதத்தில் இருந்தது என் தங்கையின் கையெழுத்து. ஜன்னல் அளவுகள். ஹால், நாலுக்கு ஐந்து. படுக்கையறை, நாலுக்கு மூன்று, நீலத் துணி. சமையலறை, கம்பி வலை போதும். கடைசியாக ஒரு வரி: "சின்ன ரூம் – அண்ணா வந்தா தங்க."

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கடைசி வரியைத் திரும்பவும் படித்தேன்.

அண்ணா வந்தா. வந்தால், சார். எப்போதாவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, போன் செய்து கேட்டுவிட்டு, விருந்தாளி மாதிரி வந்தால். என் தங்கை தானாக அப்படி ஒரு வார்த்தையை எழுதியிருக்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ எழுத வைத்திருக்க வேண்டும். அதுவரை எனக்கு இருந்தது சந்தேகம் மட்டும்தான். அன்றைக்குத் தெளிவு வந்துவிட்டது. காகிதத்தை அதே மடிப்பில் மடித்து வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம், "மாப்பிள்ளை, இன்னும் குளிர்ந்த காத்து வேணும்னா வாயைக் கீழே கொண்டுபோகணும்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. கீழே காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இரண்டாவது குழாயை இன்னும் கவனமாகச் செய்தேன். முன் பம்பரின் கீழ் மூலையில், பனி விளக்குக்கு விட்டிருந்த ஓட்டைக்குள் வாய் உட்காரும்படி வளைத்தேன். தரையிலிருந்து என் ஆடுசதை உயரம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இன்ஜின் காற்றை அழுத்தும், தண்ணீரை அழுத்தாது. ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போனாலே போதும். அப்படியே இறுகி நின்றுவிடும். திரும்பக் கிளப்ப முடியாது.

மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை என் ஷெட்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒரு போல்ட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அவளுக்கும் அங்கேயே ஒரு மருந்துக் கடையில சொல்லி வெச்சிருக்கு. வீடு பார்த்தாச்சு. அவதான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு மாசமா தவிக்கிறா. அறுபது கிலோமீட்டர்தான் மச்சான். நினைச்சா வந்துடலாம்."

"யாரோட யோசனை இது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு பேரோடதும்தான்" என்றார். அந்தத் தயக்கத்தை நான் கவனித்தேன்.

"போயிட்டு வாங்க. எனக்கென்ன" என்றேன்.

அவர் எழுந்து வந்து, சட்டையெல்லாம் கிரீஸ் ஆகும் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாரம் இறங்கினதுபோல இருந்தது அவருக்கு. நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். பிறகு, "மழைக்காலம் வருது. இப்ப போட்ட குழாய்க்குத் தண்ணி ஒண்ணும் செய்யாது, முழங்கால் தண்ணி வரைக்கும் தைரியமா இறக்கலாம்" என்றேன்.

அந்த ஊருக்குப் போகிற வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு பள்ளச் சாலை இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய வடிகால். ஒருநாள் மழைக்கே நிரம்பிவிடும். அவர்கள் வீடு மாறிய அன்று இரண்டு நாளாக மழை.

சாமான் லாரி காலையில் போயிற்று. என் தங்கையை ரயிலில் போகச் சொன்னது நான். மழையில் காரில் வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்று சொல்லி நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், சார். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு போன் வந்தது. மாப்பிள்ளையின் நம்பர். பேசியது அவள்.

"அண்ணா, பாலத்துக்கு அடியில தண்ணி நிக்குது. உன்கிட்ட கேட்டுட்டு இறக்கலாம்னு சொல்றார்."

"நீ ரயில்ல போகலையா?"

"இல்லண்ணா. இவர் தனியா போகணுமேன்னு கடைசி நேரத்துல ஏறிட்டேன். எங்களுக்கு முன்னாடி ஒரு வேன் போச்சு. அதோட சக்கரம் பாதி முழுகிடுச்சு. திரும்பிடலாமா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். போனில் வைப்பர் ஓடுகிற சத்தம் கேட்டது. யோசித்தேன். திரும்பு என்று சொன்னால் மாப்பிள்ளை ஏன் என்று கேட்பார். முழங்கால் தண்ணி வரைக்கும் போகலாம்னு நீங்கதானே மச்சான் சொன்னீங்க என்பார். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுவார். குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று அவன் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு என் தங்கை என் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒன்று திரும்ப வேண்டும், அல்லது போக வேண்டும். திரும்பினால் எப்படியும் அவளை இழக்கிறேன்.

அதோடு அவள் "எங்களுக்கு" என்று சொன்னாள், சார். எங்களுக்கு முன்னாடி என்றாள்.

"பயப்படாம இறக்கச் சொல்லு. நடுவுல மட்டும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கக் கூடாது" என்றேன்.

"சரிண்ணா. போய்ச் சேர்ந்ததும் பேசறேன்" என்றாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். சரியாக நடுவில் இன்ஜின் நின்றது. வடிகால் உடைத்துக்கொண்டு வந்தது. கதவு திறக்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக அவளை வெளியே தள்ளிக் கூரைமேல் ஏற்றியிருக்கிறார். முன்னால் போன வேன்காரர் கயிறு வீசி அவளை இழுத்திருக்கிறார். மாப்பிள்ளையின் கால் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் அவரால் வெளியே வர முடியவில்லை என்று சொன்னார்கள். அவளைக் காப்பாற்றியது அவர்தான். அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் முதலில் இதை விபத்து என்றுதான் எழுதினீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். போன வாரம் உங்கள் வண்டி நிபுணரின் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். "குழாயைச் செய்தவர் அனுபவமில்லாதவர். தாழ வைத்தால் தண்ணீரை இழுக்கும் என்ற அடிப்படை அறிவுகூட இல்லை." அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் ஷெட்டில் மேல் தட்டில், சாக்கில் சுற்றி முதல் குழாயை வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் காட்டுங்கள். வாய் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது குழாயும் நான் நினைத்தபடியே வேலை செய்தது. எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

என் தங்கை இப்போது அவள் மாமியார் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று அவள் சொன்னதாகச் சொன்னீர்கள். போனில் நான் பேசியதை அவளே உங்களிடம் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னீர்கள். அது அவள் பேச்சாக இருக்காது, சார். நீங்கள் போனபோது அந்த மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா, இல்லையா? அந்த அம்மாவை எனக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகப் படவில்லை. கொஞ்சம் விசாரியுங்கள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அண்ணன் சொன்னதாகச் சொல்லி வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். இனிமேல் அந்த வீட்டில் அவளைத் தொந்தரவு செய்ய யாரும் இல்லை.