புள்ளி போன பாதை

விமானப் போக்குவரத்து வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய தகவலோடு தொடங்குகிறேன், விசாரணை அதிகாரி ஐயா. திருப்பூரிலேயே முதன்முதலாக மொட்டை மாடியில் விமான ஆன்டெனா நட்டவன், பல்லடம் ரோட்டில் பனியன் துணி நிட்டிங் யூனிட் நடத்தும் திருமூர்த்தியாகிய நான்தான். 2008இல் வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

பறக்கிற விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகும். மாடியிலுள்ள பெட்டி அதைக் கேட்டு, லேப்டாப்பில் மஞ்சள் புள்ளியாகக் காட்டும். இதில் லாபம் இல்லை என்பதால் ஊரில் மரியாதையும் இல்லை. கோழிப்பண்ணை நஞ்சப்பன் சங்கக் கூட்டத்திலேயே கேட்பான்: "ஏனுங்க மாப்ள, எங்க பொட்டக்கோழி ஒண்ணக் காணோமுங்க. உங்க பெட்டில தெரியுதுங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து பயணிகள் இல்லாமல் மதுரைக்குக் கிளம்பிய ஒரு சின்ன வாடகை விமானம் காணாமல் போனது. மலைகளுக்குள் ரேடார் எட்டவில்லையாம். என் லேப்டாப்பில் மட்டும் புள்ளி போன பாதை பழனி மலைத்தொடர் வரை நேர்கோடாக இருந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். "சார், இன்னொருக்கா வெரல வெச்சுக் காட்டுங்க சார்" என்றார்கள். காட்டினேன். அதிகாரிகளுக்கும் காட்டினேன். நஞ்சப்பன் பொன்னாடையோடு வந்தான். தேடுகிற படை மொத்தமும் பழனி மலைக்குப் போனது.

துணை விமானி சசிகுமாரின் அம்மா சாரதாமணி, குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து என் ஆபீஸில் உட்கார்ந்துகொள்வார்.

"ஏனுங் தம்பி, பையன் அந்தப் பக்கம் போனத நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தனுங்க அக்கா. இந்தக் கோடு பொய் சொல்லாதுங்க."

"மலை பூராத் தேடிட்டாங்களாமே சாமி."

"நல்லாத் தேடோணுமுங்க. அவங்களுக்கு அக்கறை பத்தாது."

எனக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது. விரலை வைத்துக் காட்டியும் கண்டுபிடிக்கத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு ஒரு நாடு என்ன செய்யும்?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் கோட்டின் பின்பாதி விமானம் சொன்னதல்ல. விமானம் குடிமங்கலம் தாண்டும்போதே இங்கே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் நிட்டிங் மெஷின்களுக்கு மட்டும்தான் லைன் கொடுத்திருந்தேன். மாடிப் பெட்டி அணைந்துவிட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் நின்றால் அதிலுள்ள புரோகிராம் சும்மா இருக்காது. அதே திசையில், அதே வேகத்தில், புள்ளியைத் தானே நகர்த்திக்கொண்டு போகும். வெறும் யூகம். விமானமோ மழைமேகத்துக்கு ஒதுங்கி, மேற்கே ஆனைமலைக்குள் திரும்பியிருக்கிறது.

இது எனக்கு எப்போது தெரியும் என்கிறீர்கள். டிவிக்காரர்கள் படியேறும்போதே தெரியும்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு கருவியின்மேல் மக்களுக்கு நம்பிக்கை பிறப்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. விஞ்ஞானத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், ஒன்பதாம் நாள், தேனெடுக்கப் போனவர்கள்தான் ஆனைமலைக் காட்டில் விமானத்தைப் பார்த்தார்கள். விமானி விழுந்த உடனே இறந்திருந்தார். சசிகுமார் இருக்கைத் துணியைக் கிழித்து உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டிருந்தான். மேலிருந்து பார்த்தால் தெரியும்படி வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் விரித்திருந்தான்.

அவன் அன்று காலையில்தான் செத்திருந்தான்.