பலவேசம் செத்த செய்தி

— நல்லா பாருங்க அண்ணாச்சி. செத்துப்போயிட்டான்னு நீங்க போட்டிருக்கது என்னையத்தான். சீவலப்பேரி பலவேசம்.

— மொதல்ல உக்காரும் வே. தலக்கட்டுல ரத்தம் கசியுது. ஆஸ்பத்திரில இருந்து உம்ம யாரு விட்டா?

— யாரும் விடல. ஊசி போடுத பிள்ள அந்தப்பக்கம் திரும்புச்சு, எந்திச்சு வந்துட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் போன்ல ஒங்க ஆத்தங்கர டிவி ஓடுது. எம்படத்துக்கு மாலையப் போட்டு, கீழ செவப்பு எழுத்துல, ‘தேர்தல் மோதலில் தொண்டர் வெட்டிக் கொலை’. எம்பொஞ்சாதி இசக்கியம்மா தலயிலடிச்சு அழுததையும் காட்டுதீய. என் ஒடம்புல ஒரு வெட்டு கெடயாது அண்ணாச்சி. கல்லெறில மண்ட ஒடஞ்சுச்சு, அம்புட்டுத்தான்.

— ஒரு போனு அடிச்சிருக்கலாம்லா?

— எம்போனு வாய்க்கால்ல கெடக்கு. மனசுல நிக்குத நம்பரு எந்தம்பி சுடலைராஜ் நம்பரு ஒண்ணுதான். யார் யார் போன்லயோ அடிச்சுப் பாத்தேன், எடுக்க மாட்டேங்கான். ஊருக்குப் போவோம்னா பஸ்ஸ நிப்பாட்டிட்டானுவ. ஆட்டோக்காரன் ஒருத்தனும் வரமாட்டேங்கான். எங்க ஊரு ஒங்க டிவியத்தான் நம்பும். அதான் ஆத்தத் தாண்டி டவுணுக்கு ஓடியாந்தேன்.

— ஊருல என்ன நடக்குன்னு தெரியும்லா?

— அதுக்குத்தான இந்தப் பாடு! சிவசங்கரன் சார் வீட்ட வளைச்சுக்கிட்டு நிக்காங்க. அவரு ஆளுக என்னையக் கொன்னுட்டாங்களாம். உள்ள அவரு வீட்டம்மா இருக்கு, பொம்பளப் பிள்ளைய இருக்கு. பஞ்சாயத்துத் தலைவருக்கு எங்கள எதிர்த்து நிக்கவருதான், ஆனா என்னையத் தூக்கித் தன் கார்ல போட்டு ஆஸ்பத்திரில சேத்தது அவருதான் அண்ணாச்சி! அவரு வேட்டி பூராம் என் ரத்தம்.

— அந்த வேட்டிதான்வே வெனையாப் போச்சு. ரத்தத்தோட அவரு அவசரமா கார்ல ஏறுதத எவனோ வீடியோ எடுத்து அனுப்பிருந்தான். அதத்தான் போட்டோம்.

— பின் சீட்டுல நான் கெடந்தது?

— அது இல்ல. வெட்டித்தான் வந்துச்சு.

— வந்தா விசாரிக்க மாட்டீயளா? நீங்க பேப்பர்ல இருந்தப்ப, மட ஒடஞ்சதுக்கு எங்க வயக்காட்டுல எறங்கி ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டு எழுதுன ஆளுலா நீங்க.

— பேப்பருக்கு அச்சாகுத வரைக்கும் நேரம் கெடந்துச்சு வே. இங்கன அடுத்த சேனல்காரன் முந்திட்டாம்னா எம்பொழப்பு போச்சு. சவத்த, நான் விசாரிக்காமலும் போடல. ஒங்க கைலாசத்துகிட்டயே கேட்டேன்.

— எங்க கைலாசம் அண்ணாச்சிகிட்டயா? நாங்க ஓட்டு கேக்குத ஆளுகிட்டயா?

— ஆமா. ‘எங்கண்ணு முன்னால உசுரு போயிட்டு கோமதிசங்கரு’ன்னு போன்ல விம்முனாரு. போட்டேன்.

— இன்னைக்கு விடிய எங்கட்டில்ல உக்காந்திருந்தாரு அண்ணாச்சி. பன்னப் பிச்சு ஊட்டிவிட்டாரு. ‘யார்கிட்டயும் ஒண்ணும் பேசாத பலவேசம், பைய படுத்துக் கெட, ஒங்குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன்’னாரு. நான் அவரு ரெண்டு கையயும் புடிச்சு அழுதேன்.

— அங்கேருந்து வெளிய வந்துதான் எனக்குப் பேசிருக்கான். சவத்துப் பய, என்னையவும்லா கோட்டிக்காரனாக்கிட்டான்! எந்திரியும். இந்த வெளிச்சத்துல நில்லும். நேரலையாவே போடுதேன்.

— என்ன பேச?

— பேரு, ஊரு, உம்மத் தூக்கிட்டு வந்தது யாரு. அது போதும். ம், ஓடுது.

— ஐயா, நான் பலவேசம் பேசுதேன். நான் சாகல. சிவசங்கரன் சார்தான் என்னையக் காப்பாத்துனாரு, சாமி சத்தியமா. ஏலே சுடலை, அவரு வீட்டுப் பக்கம் போவாதலே. உள்ள பிள்ளைய இருக்குலே. ஏட்டி இசக்கி, அழாதட்டி, நான் வந்துருதேன்... சரியா இருக்கா அண்ணாச்சி?

— சரியா இருக்கு. அன்னா, ஆளு கூடுது.

— பாக்காங்களா? என்ன எழுதுதாங்க? கூட்டம் கலையுதா?

— கொஞ்சம் பொறும்.

— ஏன் அண்ணாச்சி மூஞ்சி ஒரு மாதிரி போகுது?

— ஏஐ வீடியோங்கானுவ. கம்ப்யூட்டர்ல உம்ம மூஞ்சியச் செஞ்சு பேசவச்சிட்டோமாம். ஒதடு ஒரு பக்கம் போகுதாம், கொரலு ஒரு பக்கம் போகுதாம். நான் சிவசங்கரன்கிட்ட வெல போயிட்டேனாம்.

— நான் இன்னா நிக்கேன்!

— எனக்கு முன்னால நிக்கீரு. அவனுவளுக்கு நீரு போனுக்குள்ளதான வே நிக்கீரு?

— எந்தப் பய எழுதுதான் இத?

— எல்லாத்துலயும் ஒரே வாசகந்தான் இருக்கு. மொதல்ல போட்டது... பலவேசம், உம்ம தம்பி.

— சுடலையா?

— ‘எங்கண்ணன் பொணத்த நான் பாத்தேன். இது பொய் வீடியோ. யாரும் நம்பாதீய. எல்லாரும் சிவசங்கரன் வீட்டுக்கு வாங்க.’

— பொணத்தப் பாத்தானா? யாரு பொணத்த? ஐயோ, எந்தம்பிக்குப் புத்தி பெரண்டு போச்சு அண்ணாச்சி! எங்க அய்யா போன பொறவு நாந்தான அவனத் தோள்ல போட்டு வளத்தேன். துக்கம் தாங்காம என்னமும் செஞ்சுருவான். அந்தப் பிள்ளையள எரிச்சுப்புட்டு ஜெயிலுக்குப் போயிருவான். அடிங்க, அவன் எடுக்குத வரைக்கும் அடிங்க!

— டிவி நம்பர்ல இருந்து அடிக்கேன். இத எடுப்பான். இந்தாரும், எடுத்துட்டான். பேசும்.

— ஏலே சுடலை! நாந்தாம்லே! சாகலலே நான்! தையல் போட்டிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. எங்கொரலு தெரியலியா ஒனக்கு? சந்தேகமா இருந்தா என்ன வேணும்னாலும் கேளுலே. வாயத் தொறந்து பேசுலே!

— கத்தாதண்ணே. பக்கத்துல ஆளுக நிக்காங்க.

— நாந்தான்னு தெரியுதா?

— தெரியாம என்ன? விடிய நீ கைலாசம் அண்ணாச்சி கையப் புடிச்சு அழுதப்ப, நான் வார்டு வாசல்லதான நின்னேன்.

— வந்தியா? வந்துட்டா உள்ள வராம போன? ஒம்மயினி இசக்கி மாரடிச்சு அழுதாளேலே, அவகிட்டயாவது சொன்னியா?

— சொல்லல. அவ அழுக நெசமா இருந்தாத்தாண்ணே வீடியோல எடுபடும்.

— ஏலே...

— தோக்குத எலெக்சனா இருந்துச்சுண்ணே. நீ செத்த பொறவுதான் ஊரே நம்ம பக்கம் திரும்பிருக்கு. ஓட்டு முடியுத வரைக்கும் சத்தங்காட்டாம அங்கனயே செத்துக் கெடயேன்.