பனிக்குள் ஏலேலோ

மாலை ஏழு மணி. சுவிஸ் நாட்டு எங்கடின் மலைப் பக்கத்து மார்கழியில் ஏழு மணி என்றாலே கும்மிருட்டு. ரயில் நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ஏறும் பாதையில் ஈ காக்கை இல்லை...

எண்பத்தைந்தாம் ஆண்டு. நடந்தது பத்மநாதனின் மச்சான் குகநாதனுக்கு. ஓல்டன் நகரில் ஒரே அறைக்குள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்த சந்திரமதிக்கும் மற்றவர்களுக்கும் பத்மநாதன்தான் சொன்னார்.

குகநாதன் அந்த ஹோட்டலில் கோப்பை கழுவினான். பக்கத்துத் தொட்டியில் மோசஸ், அமெரிக்கக் கறுப்பர். அவர் ஒரு வரி பாடுவார்; மற்றவன் பதில் பாட வேண்டும். பருத்திக் காட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த அவருடைய பாட்டன்மார் அப்படித்தான் பாடினார்களாம். ஆப்பிரிக்காவில் விலங்கிட்டுக் கப்பலேற்றியபோது கூடவே வந்த பழக்கம். பிறகு அது தேவாலயத்துக்குள் போனது. புளூஸ் இசையில், பதில் சொல்ல ஆளில்லாதவனுக்குக் கித்தார் பதில் சொன்னது. பதில் வந்தால்தான் பக்கத்தில் ஆள் இருப்பது தெரியும் என்பார் மோசஸ்.

மயிலிட்டிக் கடலில் வலை இழுத்தவனுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? குகநாதன் "ஏலேலோ" என்று எடுத்துவிடுவான். மோசஸ் விழுந்து விழுந்து சிரிப்பார். அந்த ஊரில் அவனுக்கிருந்த ஒரே உறவு அவர்தான்.

அன்று மோசஸ் லீவில் லுசேர்ண் போயிருந்தார். மறுநாள்தான் வருவதாகப் பேச்சு. குகநாதன் குப்பை வாளியோடு பின்கதவைத் திறந்தான். கூரையிலிருந்து பனி தொப்பென்று விழுந்தது... கீழே பாதைப் பக்கம் மோசஸின் குரல்.

"ஓ... குகா..."

வாய்வரை வந்த ஏலேலோவை விழுங்கினான். பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது, இருட்டில் மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவன்.

"ஓ... கு... கா..."

மூன்றாவதுக்குக் காத்து நின்றான். வரவில்லை. கதவைச் சாத்தி, திருநீறு பூசிக்கொண்டு படுத்தான்.

காலையில் பனி அள்ள வந்தவர்கள் மோசஸைக் கண்டார்கள். ஒரு நாள் முந்தியே திரும்பியிருக்கிறார். கால் முறிந்து, கூப்பிடு தூரத்தில் விறைத்துக் கிடந்தார்.

"ஐயோ... கூப்பிட்டது மோசஸ்தான் எண்டு அவருக்குத் தெரியாதுதானே அண்ணை," என்றாள் சந்திரமதி.

"ஓம் பிள்ளை, தெரியாது. அதைச் சொல்லி அவன்ரை அழுகையை நிப்பாட்டேலுமோ?"

அடுத்த மார்கழி. அதே நாள், அதே நேரம். குகநாதன் தானாகவே போய்ப் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றான். பேயோ பிசாசோ, இந்த முறை முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிவிடுவது என்று நின்றான். கோப்பை கழுவும் சவர்க்கார வாசம் வந்தது, பனிக்குள்ளிருந்து...

"ஓ... குகா..."

வாயைத் திறந்தான். அவன் மூச்செடுக்குமுன் கீழே இருட்டில் இன்னொருவன் பதில் சொன்னான். "ஏலேலோ..."

அது குகநாதனின் குரல்.

பிறகு மோசஸ் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவடியில் நின்றவனை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.