நாய்க்குச் சேர வேண்டிய துண்டு

ஈரலை வேகவைத்து, விரல் நகம் அளவுக்கு நறுக்கி, நன்றாகக் காயவைத்துவிட்டால் சட்டைப்பையில் பிசுபிசுக்காது. நாய் பழக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சரி சார், விஷயத்துக்கு வருகிறேன்.

பார்வை போன என் அண்ணனுக்கு வழிகாட்ட, அந்த நாயைக் குட்டியிலிருந்தே வளர்த்துப் பழக்கிக் கொடுத்தவன் நான். கொடுத்த சில மாதங்களில் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அண்ணன், "எங்க, கூப்பிடு பாப்போம். உங்கிட்ட வருதான்னு" என்றார். கூப்பிட்டேன். அவர் காலடியை விட்டு அது அசையவில்லை.

"வளத்தவனையே மறந்துடுச்சுடா" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

பழகியது மறக்காமல் இருக்க, வாரம் ஒருமுறை நாயை நான் வெளியே கூட்டிப்போவது வழக்கம். அண்ணன் வீட்டுத் தெருவில் ஒரு கிடங்கு உண்டு. பின்னோக்கி வரும் லாரிகள் 'பீப் பீப்' என்று சத்தம் போடும். அதைக் கேட்டால் நின்றுவிட வேண்டும் என்று நாய்க்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அவர்கள் சிரித்த பிறகு, அந்தச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்துகொண்டேன். சத்தம் கேட்டதும் ஒரு துண்டு ஈரல், அவ்வளவுதான். போகப் போகச் சத்தம் வந்தாலே அதற்கு எச்சில் ஊறியது. பிறகு, நின்றிருந்த லாரியின் பின்சக்கரத்தடியில் போனையும் ஈரலையும் வைத்தேன். என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. அண்ணனோ நாயை நம்பி நடக்கிறவர்.

அன்று காலை நான் எதிர்க்கடை வாசலில் நின்றிருந்தேன். லாரி பின்னோக்கி வந்தது. நாய் அண்ணனை இழுத்துக்கொண்டு போனது. டிரைவர் கத்திக்கொண்டே இறங்கினார். அண்ணன் சக்கரத்தடியில் கிடந்தார். நாய் மட்டும் தப்பி, கூட்டத்துக்குள் புகுந்து நேராக என்னிடம் வந்து உட்கார்ந்து என் சட்டைப்பையைப் பார்த்தது.

அங்கேதான் தப்பு செய்தேன். வேலையை முடித்த நாயை வெறும் வாயோடு விடக்கூடாது, பழக்கம் கெட்டுவிடும். கை தானாகப் பைக்குள் போய்விட்டது. ஓடிவந்த அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு, "தம்பி, இப்ப எதுக்கு அதுக்குத் தீனி?" என்றார்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எஜமானைச் சாகடித்த நாய் என்று அதற்கு ஊசி போடப் போகிறார்களாமே. அதனால்தான் சொல்கிறேன். கொன்றது நான். நாய் பழக்கியபடி நடந்தது. ஒரு பாவமும் அறியாத உயிர் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, சார். எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு கிடையாது.