சர்வீஸ் தள்ளுபடி

கோயம்புத்தூரில் வெளியே சாப்பிடுவது அப்படியொன்றும் பெரிய செலவில்லை. இரண்டு இட்லியும் ஒரு காப்பியும் ஒன்றேகாலணாவில் முடிந்துவிடும். பஞ்சுக் கிடங்கு ஆபீசில் எனக்குச் சம்பளம் பதினெட்டு ரூபாய். சாயங்காலச் சிற்றுண்டிக்கு மாதம் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். காங்கேயத்திலிருந்து வந்து தனி அறையில் தங்கியிருக்கும் ஒருவனுக்கு அது தாங்கக்கூடிய செலவுதான். ஆகவே நான் கஞ்சன் என்றோ, பணத்துக்காக இதைச் செய்தேன் என்றோ யாரும் நினைக்க வேண்டாம்.

என் பெயர் சென்னிமலை. வயது இருபத்திரண்டு. ராஜவீதியில் ஒரு மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் இங்கிலீஷ் வியாபாரக் கடிதம் கற்றுக்கொண்டிருந்தேன். வகுப்பு ஆறரை மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு அரங்கசாமியின் ஹோட்டலுக்குப் போய்விடுவேன். மூன்றாவது மேஜை. சாப்பிட்டதும் அன்றைக்கு நடந்ததை டைரியில் எழுதுவேன். நான் சரியாக நடந்துகொண்டேனா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. எழுதிவைத்தால் பிறகு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்காகத்தான் எழுதுவது.

அந்த ஹோட்டலில் சீட்டு எழுதித் தரும் வழக்கம் இல்லை. சாப்பிட்டவர் எழுந்து கல்லாவுக்கு நடக்கும்போது, சர்வர் நின்ற இடத்திலிருந்தே தொகையைக் கூவுவார். "ரெண்டாவது மேஜை, முண்டாசுக்காரரு, ரெண்டணா!" என்று அது ராகத்தோடு வரும். கல்லாவில் அரங்கசாமி கையை நீட்டுவார். கூவுவதில் வரதராஜுலுவை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். ஒரே கையில் ஆறு டம்ளர் எடுத்து வருவார். பண்டங்களின் பெயரையெல்லாம் பாட்டாகவே சொல்லுவார்.

1936 சித்திரையில் கல்லாவுக்கு மேல் ஒரு பலகை தொங்கியது. இனி யாரும் இனாம் கொடுக்க வேண்டியதில்லை, ஆளுக்குக் காலணா சர்வீஸ் என்று தொகையோடு சேர்த்துக்கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. இரண்டு வாரம் ஊரில் அதே பேச்சு. ஜவுளிக்கடை குமாஸ்தா ஒருவர் எல்லோர் முன்னிலும் கேட்டார்.

"ஏனுங்க மொதலாளி, இட்லிக்குக் காசு சரி. அதைக் கொண்டாந்து வெக்கறதுக்கும் காசா? நாளைக்கு மெல்றதுக்கும் ஒரு காலணா போடுவீங்களாட்ட இருக்குது?"

"மெல்றதை நீங்களே பாத்துக்கங்க. அதுக்கு எங்க கடையில ஆள் இல்லீங்க" என்றார் அரங்கசாமி. எல்லோரும் சிரித்தார்கள். காலணாவைக் கொடுத்துவிட்டும் போனார்கள்.

நான் சிரிக்கவில்லை. கூட்டம் குறைந்த பிறகு அவரிடம் போய், சர்வீஸ் கட்டாயமா, இஷ்டமா என்று கேட்டேன். "புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க தம்பி, கழிச்சுக்கறோம்" என்றார். ஆகவே நான் சொல்லிவிட்டேன். எனக்குக் காரணம் இருந்தது. முதல் ஒரு வாரம், தண்ணீர் வர எத்தனை நிமிஷம், காப்பி எந்தச் சூட்டில் வந்தது, மேஜையைத் துடைத்தார்களா என்று குறித்துப் பார்த்தேன். தனியாகக் காலணா கொடுக்கும்படியான சேவை எதுவும் எனக்கு நடக்கவில்லை. இதை வரதராஜுலுவிடம் மரியாதையாகவே சொன்னேன்.

அவர் குனிந்து மெதுவாகப் பேசினார். "தம்பி, பத்துக் காலணா சேந்தா எனக்கு ஓரணா வருதுங்க. மிச்சம் மொதலாளிக்கு. பலகை மாட்டுனதுல இருந்து இனாமும் நின்னுபோச்சு. நீங்க தள்ளுனா எனக்குத்தானுங்க துண்டு விழுகும்."

அது உங்களுக்கும் முதலாளிக்கும் இடையே உள்ள விஷயம் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

அன்று நான் எழுந்து கல்லாவுக்கு நடந்தபோது அவர் கூவினார். "மூணாவது மேஜை, ஒண்ணேகாலணா, சர்வீஸ் தள்ளுபடி!" வழக்கமான ராகம்தான். கடைசி வார்த்தையில் மட்டும் ஒரு இழுப்பு இருந்தது. இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் உள்ளே நுழையும்போதே யாரோ, "தள்ளுபடி வாராருங்கோ" என்றார்கள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தம்பிதுரை அதைக் கேட்டுவந்து மற்றவர்களுக்குச் சொன்னான். ஒரு நாள் வாத்தியார் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிட்டபோது பின்வரிசையில் இருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியார் உதட்டிலும் சிரிப்பு இருந்ததாக நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

காலணாவைக் கொடுத்துவிட்டால் அது நின்றிருக்கும். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அப்போது கொடுத்தால் பயந்து கொடுத்ததாக ஆகும். வேறு ஹோட்டலுக்குப் போனாலும் அதே அர்த்தம்தான். ஆகவே தினமும் அங்கேயே போனேன். இரண்டு மாதம்.

ஆனி மாதம் சுப்பண்ணன் மாமா ஊரிலிருந்து வந்தார். அவர் மகள் சாந்தாமணியை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அவரை ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். வேறு எங்காவது போயிருக்கலாம். என் மேஜை, என் வழக்கம் என்று இருந்துவிட்டேன். எழுந்தபோது வரதராஜுலு கூவினார். "மூணாவது மேஜை, ரெண்டு பேரு, மூணேமுக்காலணா, ரெண்டு சர்வீஸ் தள்ளுபடி!"

மாமா நின்றுவிட்டார். "அதென்ன மாப்பிள்ளை தள்ளுபடி?" என்றார். நான் விளக்கினேன். அவர் மடியிலிருந்து அரையணா எடுத்துக் கல்லாவில் வைத்தார். "ஒரு காலணாவுக்கா இந்தக் கூத்து? ஊட்டுக்கு வார பொண்ணு ஒரு வாய் சேத்தித் தின்னா அதையும் நோட்டுல எழுதுவீங்களாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஊரிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை. காரணம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல மாட்டேன்.

ஆடியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. யாருக்காவது கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்துப் போனார்கள். நோய் கண்டவர்களை மதுக்கரை ரோட்டில் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சனிக்கிழமை வரதராஜுலு ஹோட்டல் கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை வாந்தி எடுத்தார். "பித்தமுங்க, வெறும் வயித்துல காப்பி குடிச்சுப்போட்டேன்" என்று சொல்லி முகம் கழுவிக்கொண்டு வந்து பரிமாறினார். நான் டைரியில் குறித்தேன். பித்தம் என்றே குறித்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பயிற்சி, சுகாதார அதிகாரிக்கு ஒரு புகார்க் கடிதம். ஊரில் நடப்பதை வைத்து எழுதச் சொன்னார் வாத்தியார். என் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதப்பா, உள்ளதை உள்ளபடி சொல்றாப்பல இருக்குது" என்றார். என் எழுத்தை யாரும் அவ்வளவு பாராட்டியதில்லை. அதை இன்னொரு தாளில் அழகாகப் பெயர்த்து எழுதி, ஹோட்டல் பெயரையும் வரதராஜுலு பெயரையும் சேர்த்து, என் பெயர் போடாமல் அன்றிரவே தபால் பெட்டியில் போட்டேன். ஐந்து வாக்கியங்கள். நான்கு உண்மை. அவருக்கு மூன்று நாளாக ஓயாத பேதி, முதலாளி அதை மறைக்கிறார் என்ற வாக்கியம் மட்டும் உண்மையில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆட்களும் வண்டியோடு வந்தார்கள். அன்று நான் சீக்கிரமே போயிருந்தேன். வரதராஜுலு கையில் ஆறு டம்ளரோடு நின்றார்.

"ஏனுங்க, எனக்கா பேதி? இப்பவே ஒரு டஜன் இட்லி வெச்சுப் பாருங்க, தின்னு காட்டறேன். காசு மட்டும் நீங்க குடுத்துப்போடுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த டம்ளர்களைக்கூட யாரும் வாங்கவில்லை. தானே மேஜைமேல் வைத்தார். அரங்கசாமி கல்லாவைப் பூட்டுவதிலேயே கவனமாக இருந்தார். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். வண்டியில் ஏறும்போது வரதராஜுலு என்னைப் பார்த்து, "தம்பி, படிச்சவங்க நீங்களாவது சொல்லுங்க" என்றார். நான் இட்லியை முடிக்காமல் எழுந்துவிட்டேன்.

மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று நாள் ஒருவர் கூவாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இது உண்மை.

புதன்கிழமை காலையில் ஒரு பெண் என் அறை வாசலுக்கு வந்தாள். வரதராஜுலுவின் மனைவி கோமளா.

"ஏனுங்க, தெனமும் நோட்டுல எழுதறவரு நீங்கதானுங்களே? எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, அந்தத் தம்பி பெரிய ஆபீசரா வரும்னு. நேத்தே கொட்டகைக்குப் போய்ப் பாத்தனுங்க. அவருக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா அங்க எல்லாருக்கும் ஒரே பானைத் தண்ணிங்க. சீக்காளி குடிச்ச அதே சொம்புல அவரும் குடிக்கோணும். இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதிக் குடுத்தா டாக்டரு பாத்து உட்டுருவாருன்னு அங்கிருந்த ஆளு சொன்னாருங்க. இன்னைக்கே குடுத்தா நல்லதுங்க."

உட்காரச் சொன்னேன். விவரம் கேட்டேன். பேச்சோடு பேச்சாக, "உங்க மேல ஒண்ணும் கோவமில்லீங்க அவருக்கு" என்றாள். சர்வீஸ் வராத தொகைக்குக் காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அந்தக் காலணாவைச் சர்வர் சம்பளத்தில் முதலாளி பிடித்துக்கொள்வாராம். "தம்பிக்குச் சங்கடமா இருக்கும்னுதான் பாட்டாட்டச் சொல்றேன்னு சொல்லுவாருங்க."

மனுவை எழுதினேன். நல்ல மனு. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், பெண்கள் போனால் வாங்க மாட்டார்கள் என்றேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓரணாவை நீட்டினாள். வேண்டாம் என்றேன். "உங்க சிரமத்துக்குங்க. சும்மா வாங்கிக்கிட்டா அவரு என்னை வைவாரு" என்றாள். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அவள் மனம் நோகும் என்று பட்டது.

அவள் போன பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. புகார்க் கடிதமும் மனுவும் ஒரே கையெழுத்து. இரண்டும் ஒரே மேஜைக்குத்தான் போகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். தம்பிதுரையை எழுதச் சொல்லலாம், ஆனால் அவன் ஊருக்கே சொல்லிவிடுவான். ஆகவே எழுத்துகளை இடப்பக்கம் சாய்த்து எழுதப் பழகினேன். பழகாத கைக்கு அது எளிதில்லை. அதனால்தான் தாமதம். வெள்ளிக்கிழமை காலையில் மனுவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தேன்.

வாசலில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்த ஆள் கேட்டான். "ஆரைப் பாக்கோணும்? அந்த ஹோட்டல்கார ஆளையா? நேத்துக் காலையில புடிச்சுதுங்க. இன்னைக்கு விடியறப்ப தூக்கியாச்சு. வாரப்ப நல்லாத்தான் இருந்தாரு. எல்லாத்தையும் சிரிக்க வெச்சுக்கிட்டுக் கெடந்தாரு."

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

கோமளாவுக்கு இன்னும் தெரியாது. காரியம் முடிந்த பிறகு வந்து, "நீங்க எழுதிக் குடுத்தும் அந்தப் பாவிக கேக்கலீங்களே" என்று அழுதாள். நான் தலையை ஆட்டினேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். மொட்டைக் கடிதம் எழுதியவன் நான்தான் என்று ஏட்டிடம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "வாந்திபேதில செத்ததுக்கு ஆரைப் புடிச்சு உள்ள வெக்கறது தம்பி? ஊர்ல இருநூறு பேரு செத்திருக்கறாங்க. போய்ப் படிக்கற வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கேட்க ஆள் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

இதுவரை எழுதியதை டைரியோடு ஒத்துப் பார்த்தேன். தேதிகள் சரியாக இருக்கின்றன. ஓரிடம் மட்டும் பொருந்தவில்லை. தாமதத்துக்குக் காரணம் கையெழுத்து என்று மேலே சொல்லியிருக்கிறேன். டைரியில் இருப்பதை அப்படியே கீழே தருகிறேன்.

புதன். பகல் பன்னிரண்டுக்குள் மனு தயார். சாய்வு நன்றாக வந்திருக்கிறது, அடையாளம் தெரியாது. நாளை கொடுக்கலாம். மாலை ஹோட்டலில் புது ஆள். கூட்டம் குறைவு, சர்வீஸ் வாங்கவில்லை. யாரும் கூவவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வியாழன். மனு பையில் இருக்கிறது. நாளை கொடுக்கலாம். மாலை ஹோட்டல். நிம்மதியாகச் சாப்பிட்டேன். இரண்டாவது காப்பியும் குடித்தேன்.